கேக் பெட்டி நூல்

ட்ரம்கீலி, டோனிகால், அயர்லாந்து
19 அக்டோபர் 1986

அன்புள்ள அம்மாவுக்கு, டெர்வ்லா எழுதுவது.

அப்பா, குட்டித் தங்கை ஃபிடெல்மா, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம். உன் தொண்டைக் கரகரப்பு டப்ளின் துறைமுகத்தோடு நின்றுவிட்டதா, லிஸ்பன்வரை கூடவே வந்ததா?

பள்ளியில் சிஸ்டர் கொலும்பா கடிதம் எழுதக் கற்றுத்தருகிறார். "அன்பும் மரியாதையும் நிறைந்த தாயாருக்கு" என்று தொடங்க வேண்டும். முதல் பத்தியில் உடல்நலம், இரண்டாவதில் வானிலை, மூன்றாவதில் நன்றி. "அதுக்கு மேல எழுதுறதெல்லாம் வம்பு, பெண்களே" என்கிறார். எனக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார். ஆனால் உனக்கு நான் அப்படி எழுதப் போவதில்லை.

நீ போனதிலிருந்து அப்பா ரொட்டி வண்டியை எங்கே நிறுத்தினாலும் உன் பரிசைப் பற்றித்தான் பேச்சாம். நேற்று நானும் கூடப் போனேன். மெக்ரோரி வீட்டு வாசலில் அந்த அம்மா இரண்டு ரொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏன் ஃபின்டன், வீட்டுப் பக்கம் வராதன்னு சொல்லிக் காசு குடுக்கிற பரிசு எங்கயாவது உண்டா?"

"இது அப்படித்தாங்க. விண்டர்போர்ன்னு ஒரு பணக்காரக் கிழவி உயில் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கா. பிரிட்டன்லயோ அயர்லாந்துலயோ முதல் புத்தகம் போட்டவங்க வெளிநாட்டப் பாத்துட்டு வரட்டும்னு. ஆறு மாசம் இந்த ரெண்டு தீவுலயும் கால் வெக்கக் கூடாது. வெச்சா பரிசு போச்சு."

"எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு கதை எழுதச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம் உங்க மைரேட். நானும் ஆறு மாசம் நிம்மதியா இருந்திருப்பேன்."

அப்பா சிரித்தார். வண்டியில் ஏறியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். இதை நீ இருந்தால் கவனித்திருப்பாய், அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டை அப்படியே கடிதத்தில் எழுதி அனுப்பப் போகிறேன். படிக்கப் படிக்க உனக்கு வீட்டு ஏக்கம் வந்துவிட வேண்டும். ஏப்ரலில் ஆறு மாதம் முடிந்ததும் நீ ஒரு நாள்கூடத் தங்காமல் கப்பலேற வேண்டும். ஃபிடெல்மா முதல் தடவையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை என்று பங்குச் சாமியார் அறிவித்துவிட்டார். நீ வாக்குக் கொடுத்திருப்பதை அவள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

உன் நினைவாகவே இருக்கும்,
டெர்வ்லா

*

லிஸ்பன்
4 நவம்பர் 1986

என் டெர்விக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. நீ இரவில் போர்வையை உதறாமல் தூங்குகிறாயா? ஃபிடெல்மாவின் காதுவலி திரும்ப வரவில்லையே?

எனக்கு இங்கே மேல்மாடியில் ஓர் அறை. வீட்டுக்காரி டோனா எர்மெலிண்டா கதவுக்கு மூன்று பூட்டுப் போடச் சொல்லித் தந்திருக்கிறார். மாலையில் எதிர்வீட்டுக் கொடிகளில் துணி ஆடுகிறது, தெருவெல்லாம் மீன் வறுக்கும் வாசனை. எல்லாம் அழகாக இருக்கிறது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு வாக்கியம்கூட வரவில்லை. ஒரு மாதமாக எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். இதை அப்பாவிடம் சொல்லாதே, பாவம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வண்டியில் ஏறியதும் சிரிப்பை நிறுத்தினார் என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கே நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் எழுது. காலையில் அடுப்பை யார் பற்றவைக்கிறார்கள்? சமையலறையின் மஞ்சள் திரைச்சீலையை யாராவது துவைத்தார்களா? ஃபிடெல்மாவுக்குத் தலை பின்னிவிடுவது யார்?

உன் திட்டம் நல்ல திட்டம்.

முத்தங்களுடன்,
அம்மா

*

ட்ரம்கீலி
23 நவம்பர் 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறோம். காதுவலி வரவில்லை. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? ஒல்லியாகிவிட்டால் ஊரில் எங்களைத்தான் சொல்வார்கள்.

தலை பின்னுவது அப்பா. இதைச் சொல்ல நான் துடித்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் பெர்னி அத்தை வந்து பின்னினார். அத்தையின் கை இறுக்கம் உனக்குத் தெரியும், ஃபிடெல்மா புருவம் மேலே ஏறிப்போய் ஆச்சரியப்பட்ட முகத்தோடு பள்ளிக்குப் போனாள். மறுநாள் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டாள். அப்பா அவளைத் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்தார்.

"எத்தனை கேக் பெட்டி கட்டியிருக்கேன், உன் தலையக் கட்ட மாட்டேனா?"

ரிப்பன் அகப்படவில்லை. சட்டைப் பையில் கேக் பெட்டி கட்டும் நூல் இருந்தது, வெள்ளையும் சிவப்பும் முறுக்கியது. இரண்டு பின்னலையும் அதைக்கொண்டு கட்டி, பெட்டிக்குப் போடுவதுபோல் மேலே ஒரு சுருக்கும் போட்டார்.

"இப்ப உன்னை யாரு வாங்கிட்டுப் போறாங்கன்னு பாப்போம்" என்றார்.

"நான் விக்கிறதுக்கில்ல" என்று ஃபிடெல்மா இறங்கி ஓடினாள். இப்போது ரிப்பன் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறாள். அவள் வகுப்பில் இன்னும் நான்கு பெண்கள் அப்பாவிடம் நூல் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

அடுப்பைப் பற்றவைப்பது நான். திரைச்சீலை துவைக்கவில்லை, ஆனால் துவைக்கலாமா என்று அப்பாவும் அத்தையும் ஒரு முழு மாலை விவாதித்தார்கள். நீ மூன்று பூட்டுப் போடுவதைப் படித்துக் காட்டினேன். அப்பாவால் நம்ப முடியவில்லை. நம் கதவில் சாவி வெளிப்பக்கமே தொங்குகிறது, வழக்கம்போல. போன வாரக் காற்றில் அது இரவெல்லாம் கதவில் தட்டிக்கொண்டிருந்தது. "யாரோ வந்திருக்காங்க" என்று ஃபிடெல்மா இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தாள்.

நான் இதை எழுதுவதை அத்தை தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏண்டி, ஒண்ணு விடாம இப்படிப் புட்டுப் புட்டு வெச்சா அவ எதுக்குடி வரணும்? இங்க உக்காந்திருக்கிற மாதிரியே இருக்குமே அவளுக்கு."

அத்தைக்குக் கடிதக் கலை தெரியாது. சிஸ்டர் கொலும்பாவிடம் படித்தவர்.

உன் பதிலை எதிர்பார்த்து,
டெர்வ்லா

*

லிஸ்பன்
14 டிசம்பர் 1986

என் கண்ணே டெர்வி,

சுகமாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன், ஒல்லியாகவில்லை என்று பெர்னியிடம் சொல். உங்கள் மூவருக்கும் சளிக்காய்ச்சல் இல்லாத கிறிஸ்துமஸ் அமையட்டும்.

வர முடியாது என்பது உனக்குத் தெரியும். விதி விதிதான். டோனா எர்மெலிண்டா என்னை அவர் தங்கை வீட்டு விருந்துக்குக் கூட்டிப்போகிறார். ஃபிடெல்மாவுக்கு ஒரு மண்சேவல் அனுப்பியிருக்கிறேன். கொண்டை உடையாமல் வந்ததா என்று எழுது.

ஒரு நல்ல செய்தி. எழுத ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கேக் பெட்டி நூலைப் படித்த இரவே உட்கார்ந்தேன், விடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்கு இப்படி நடக்கிறது. வீட்டில் இருந்தபோது அந்தச் சமையலறைக்குள் நின்று எதையும் பார்க்கவே முடிந்ததில்லை, பாத்திரம் கழுவத்தான் முடிந்தது. இப்போது அலமாரிக் கதவின் கீறல்வரை தெரிகிறது.

நூலைக் கட்டும்போது அப்பா எந்தக் கையால் முனையைப் பிடித்திருந்தார்? பல்லால் அறுத்தாரா, கத்தரிக்கோலா? ஜனவரி ஆறு, பெண்கள் கிறிஸ்துமஸ் அன்று, பெண்களெல்லாம் யார் வீட்டில் கூடுகிறார்கள்? எல்லோரும் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்துக்கொள்.

அம்மா

*

ட்ரம்கீலி
7 ஜனவரி 1987

அன்புள்ள அம்மாவுக்கு,

புத்தாண்டில் உனக்கு நல்ல ஆரோக்கியம் கிடைக்கட்டும். எங்களுக்குக் குறைவில்லை. சேவல் கொண்டை உடையாமல் வந்தது. நீ எழுத ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நான் வீட்டைச் சுற்றி ஓடினேன். அப்பா பல்லால்தான் அறுத்தார். இடக்கையால் பிடித்திருந்தார்.

நேற்று பெண்கள் கிறிஸ்துமஸ், பெண்கள் வீட்டு வேலையை ஆண்களிடம் விட்டுவிட்டுக் கூடும் நாள். அத்தை முதன்முறையாக என்னையும் பெண்களோடு சேர்த்து அழைத்துப் போனார். "பதினாலு ஆச்சு, இனி இவளும் ஒரு நாள் பாத்திரம் கழுவாம இருக்கட்டும்" என்றார். வீட்டை அப்பாவும் ஃபிடெல்மாவும் பார்த்துக்கொண்டார்கள். உருளைக்கிழங்கைத் தண்ணீர் வற்றும்வரை வேகவிட்டிருக்கிறார்கள். பானையை இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

மெக்ரோரி வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடினோம். ஜன்னலோரம் நீ எப்போதும் உட்காரும் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதன்மேல் எல்லோருடைய மேல்கோட்டையும் போட்டுவிட்டார்கள்.

"மைரேட் இருந்தா இந்நேரம் சாமியார் மாதிரி நடிச்சுக் காட்டியிருப்பா."

"இப்ப அங்க நம்மளத்தான் நடிச்சுக் காட்டிட்டிருப்பா."

"வருவாளா ஏப்ரல்ல?" இது மருந்துக் கடைக்கார அம்மா, மெல்லிய குரலில்.

"ஏன் வராம? அவளுக்கு வீடு இல்லையா, புள்ளைங்க இல்லையா?" என்று பெர்னி அத்தை கேட்டார். 

மெக்ரோரி அம்மா என் பக்கம் திரும்பி, "நீ எல்லாத்தையும் உங்கம்மாவுக்கு எழுதுறியாமே. நான் ரெண்டாவது கிளாஸ் ஷெர்ரி ஒயின் குடிச்சத எழுதிடாதடீ" என்றார். "இது மூணாவது" என்றார் அத்தை. சிரிப்பில் ஒருத்தர் தேநீரைப் பாவாடையில் கொட்டிக்கொண்டார்.

அத்தை உனக்காகப் பேசியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வீடு திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

நீ எந்தத் தேதியில் கப்பலேறுகிறாய்? தெரிந்தால் உடனே எழுது. அப்பா வண்டிக்கு விடுப்புச் சொல்ல வேண்டும்.

டெர்வ்லா

*

லிஸ்பன்
22 பிப்ரவரி 1987

என் டெர்விக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு வருத்தம். உடம்பு நன்றாக இருக்கிறது. ஜனவரியிலிருந்து நீ எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. நீயும் ஃபிடெல்மாவும் நலம்தானே?

இரவும் பகலும் எழுதுகிறேன். ஒரு கதையை வானொலி எடுத்துக்கொண்டது. மார்ச் இருபத்தொன்பது, ஞாயிறு மாலை, ஒரு நடிகை வாசிப்பார். எல்லோரும் கேளுங்கள்.

மூன்றாவது கிளாஸ் ஷெர்ரிக்கு உனக்கு ஆயிரம் முத்தங்கள். கடைசிக் கடிதத்தில் தபால்காரர் பனியில் விழுந்ததாக எழுதியிருந்தாயே, அதை இன்னும் விரிவாக எழுது.

அவசரமாக,
அம்மா

*

ட்ரம்கீலி
8 மார்ச் 1987

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். ஃபிடெல்மாவுக்கு ஒரு பல் விழுந்தது. நீ இரவெல்லாம் விழித்து எழுதினால் கண் கெடாதா? விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

வானொலிச் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. அப்பாதான் காரணம், ரொட்டியோடு சேர்த்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டார்.

புதுநன்மை உடை தயார். அத்தை மகள் போட்டது, ஆனால் புதிது போலத்தான் இருக்கிறது. ஃபிடெல்மாவுக்கு நீளம் அதிகம். அத்தை ஊசியோடு வந்து உட்கார்ந்தார். ஃபிடெல்மா விடவில்லை.

"அம்மா வந்து மடிச்சுத் தெக்கட்டும்."

"உங்கம்மாவுக்கு ஒரு பட்டன் தெக்கத் தெரியுமாடி? கல்யாணத்தன்னிக்கே பின்னு குத்திட்டுத்தான் வந்தா."

"தெரியலன்னா பின்னு குத்தட்டும். அம்மாதான் குத்தணும்."

அத்தை விளிம்பை மடித்துக் குண்டூசி மட்டும் செருகித் தொங்கவிட்டுப் போனார். இப்போது உடை என் அலமாரிக் கதவில் தொங்குகிறது. இரவில் எழுந்தால் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது.

தேதியைப் பற்றி நீ எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். ஏப்ரல் ஐந்தோடு ஆறு மாதம் முடிகிறது. அப்பா ஜன்னல் சட்டத்துக்கு வெள்ளை அடித்துவிட்டார். எதற்கு என்று கேட்டால், "சும்மா, பெயிண்டு மிச்சமிருந்துச்சு" என்கிறார். அந்த டப்பாவை அவர் கடையில் வாங்கும்போது நான் கூட இருந்தேன்.

தேதிக்காகக் காத்திருக்கும்,
டெர்வ்லா

*

ட்ரம்கீலி
30 மார்ச் 1987

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று கதை கேட்டோம். சமையலறை நிறைய ஆட்கள். மெக்ரோரி அம்மா, மருந்துக் கடைக்காரர்கள், அத்தை வீட்டார் எல்லோரும் வந்தார்கள். அப்பா பழ கேக் கொண்டுவந்து வெட்டி வைத்தார், ஆனால் கதை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்றார். வானொலிப் பெட்டியைத் துணியால் துடைத்தார்.

அந்த நடிகைக்கு நல்ல குரல். முதல் வாக்கியத்திலேயே நம் மஞ்சள் திரைச்சீலை வந்தது. எல்லோரும் திரும்பி அதைப் பார்த்தார்கள். பிறகு கதவில் தட்டும் சாவி வந்தது. மூன்றாவது கிளாஸ் ஷெர்ரி வந்தபோது மெக்ரோரி அம்மா முகம் சிவந்து, பின் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சில வாக்கியங்கள் நான் எழுதியவை. அப்படியே இருந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அப்புறம் கேக் பெட்டி நூல் வந்தது.

கதையில் அந்தச் சிறுமியின் தலையைப் பின்னுவது அவள் அம்மா. அம்மாதான் அவளை மேஜைமேல் தூக்கி உட்காரவைக்கிறாள். அம்மாதான் நூலைப் பல்லால் அறுக்கிறாள், இடக்கையால் பிடித்துக்கொண்டு. "இப்ப உன்னை யாரு வாங்கிட்டுப் போறாங்கன்னு பாப்போம்" என்று சொல்வதும் அம்மா. அப்பா கதையில் எங்கோ வெளியே இருக்கிறார். வண்டிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

நான் அப்பாவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்துவிட்டேன். அவர் ஃபிடெல்மாவின் பின்னலில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை முடிந்தது. ஃபிடெல்மாதான் முதலில் கேட்டாள். "அந்த அம்மா யாரு?"

"அது கதைடா செல்லம்" என்றார் அத்தை.

"சரி, அவங்க நம்ம வீட்டுல என்ன பண்றாங்க?"

அப்பா எழுந்து, "நல்லா எழுதியிருக்கா. ரொம்ப நல்லா எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டு, வண்டி விளக்கை அணைத்தேனா என்று பார்க்கப் போனார். கேக்கை நாங்கள் அவரில்லாமலே சாப்பிட்டோம்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. கதையில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், அது தெரியாத சின்னப் பெண் இல்லை நான். ஒரே ஒரு கேள்விதான். அந்தச் சனிக்கிழமை நீ வருகிறாயா?

டெர்வ்லா

*

லிஸ்பன்
24 ஏப்ரல் 1987

என் அன்பான டெர்விக்கு,

எல்லோரும் சுகமா? நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். நேராகவே சொல்கிறேன். பரிசுக் காலம் முடிந்துவிட்டது, நான் வரலாம். டிக்கெட்டும் வாங்கினேன். கப்பலேற வேண்டிய நாள் காலை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, கடைசியாக ஒரு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கப்பல் போய்விட்டது. போகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

அக்டோபரில் டப்ளினில் கப்பலேறியபோது அழுதேன். நீ கையசைப்பது மறைந்த பிறகும் அழுதேன். பாதிக் கடலில் அழுகை நின்றுவிட்டது. நிற்காது என்று நினைத்திருந்தேன். அதிலிருந்து எனக்கு என்னைக் கண்டு பயம்.

பதிப்பாளர் புத்தகத்தை இலையுதிர் காலத்துக்குள் கேட்கிறார். இங்கே மாலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் வேலை கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று இப்போது கேட்காதே. அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவர் நல்லவர். அவரிடம் குறை எதுவும் இல்லை, அதனால்தான் எழுதுவது கடினமாக இருந்தது.

உங்களை நேசிக்கிறேன். உன் கடிதம் வரும் நாட்களில் நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.

புதுநன்மை அன்று நடப்பதையெல்லாம் எனக்கு எழுது, டெர்வி. உடை எப்படி இருந்தது, விளிம்பை யார் தைத்தார்கள், கோயில் வாசலில் அப்பா என்ன சொன்னார், யார் அழுதார்கள். உன் கண்ணால் நான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். உன்னைப்போல் யாராலும் எழுத முடியாது.

அம்மா

*

ட்ரம்கீலி
10 மே 1987

அன்பும் மரியாதையும் நிறைந்த தாயாருக்கு,

இங்கு அப்பா, ஃபிடெல்மா, அத்தை, நான் அனைவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். தாங்களும் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நேற்று ஃபிடெல்மாவின் புதுநன்மை நடந்தது. காலையில் மேகமாக இருந்தது. பிற்பகலில் வெயில் வந்தது.

தாங்கள் கேட்ட மற்ற விவரங்களை எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன். ஃபிடெல்மா பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து நடந்தது என்னோடது. அம்மாவுக்குக் குடுத்துடாத" என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

தாங்கள் அனுப்பிய வெள்ளை ஜெபமாலைக்கு நன்றி.

இப்படிக்கு,
தங்கள் மகள்
டெர்வ்லா

*

லிஸ்பன்
25 மே 1987

டெர்வி,

நலமா? உண்மையாகக் கேட்கிறேன், நலமா?

உன் கடிதத்தை உறையைக் கிழித்து உள்ளே தேடினேன், இன்னொரு தாள் இருக்கும் என்று. கோபப்படு. திட்டி எழுது. பக்கம் பக்கமாகத் திட்டு, நான் படிக்கிறேன். இப்படி எழுதாதே.

மேஜையில் உட்கார்ந்து கண்ணை மூடினால் சமையலறை தெரிகிறது. அதில் யாரும் அசைவதில்லை. ஃபிடெல்மா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், திரும்பச் சொன்னால் திரும்புவதில்லை. அவளுக்கு எந்தப் பல் விழுந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

மூன்று கேள்வி மட்டும் கேட்கிறேன். புத்தகத்துக்கு இல்லை, சத்தியமாக. விளிம்பை யார் தைத்தார்கள்? அன்று அவள் தலையில் ரிப்பனா, நூலா? மஞ்சள் திரைச்சீலை இன்னும் இருக்கிறதா?

ஒரு வரி போதும்.

அம்மா

*

ட்ரம்கீலி
7 ஜூன் 1987

அன்பும் மரியாதையும் நிறைந்த தாயாருக்கு,

நாங்கள் நலம். தங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம்.

இந்த வாரம் முழுவதும் மழை.

தங்கள் மூன்று கேள்விகளையும் அப்பாவிடமும் ஃபிடெல்மாவிடமும் படித்துக் காட்டினேன். ஃபிடெல்மா தலையை ஆட்டிவிட்டாள். அப்பா தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு வண்டியை எடுக்கப் போனவர் மழையிலேயே திரும்பி வந்து, வாசலில் நின்றபடி ஒரு வாக்கியம் சொன்னார். அதை மட்டும் எழுதலாம் என்று ஃபிடெல்மாவும் ஒப்புக்கொண்டாள்.

"சாவி எப்பவும்போலக் கதவுலயேதான் தொங்குதுன்னு எழுது."

டெர்வ்லா